உப்புத்தண்ணி ஊரில் குட்டி சிக்லிட்: எதை விடலாம், எதை விடக்கூடாது?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள தொட்டி ஐந்து மாதமாக ஓடுகிறது. உள்ளே பத்து நியான் டெட்ரா, ஆறு வெண்கலக் கோரிடோராஸ், ஐந்து கப்பி. தண்ணீர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து (போர்) வருவது. டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 780, பிஎச் (அமில, காரத் தன்மை) 7.8. இதில் நீல ராமிரெசி ஒரு ஜோடி, அபிஸ்டோகிராமா ஒரு ஜோடி, கிரிபென்சிஸ் ஒரு ஜோடி விட ஆசை. மூன்றும் சிக்லிட் குடும்பத்துச் சிறு மீன்கள். கடைக்காரர் "எல்லாமே குட்டி சிக்லிட், சாதுதான்" என்கிறார். சண்டை வருமா என்பது உங்கள் கேள்வி. சண்டையைப் பற்றிக் கேட்டாலும் அதற்கு முன்பே தீர்க்க வேண்டியவை மூன்று: இந்தத் தண்ணீரில் எது நலமாக இருக்கும், இருக்கும் மீன்களுக்கும் வரும் மீன்களுக்கும் ஒரே வெப்பம் ஒத்துவருமா, இந்தத் தரையில் எத்தனை குடும்பம் கொள்ளும். ராமிரெசி வாங்கியவர்கள் அதை இழப்பது பெரும்பாலும் சண்டையில் அல்ல, தண்ணீரில்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று ஜோடிகளையும் சேர்த்து விடாதீர்கள். ஒரே ஒரு இனத்தைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீரை ஓரளவு மென்மையாக்கத் தயார் என்றால் பொலிவியன் ராம் (ராமிரெசியின் உறவு மீன்; இரண்டையும் ராம் என்பார்கள்) அல்லது காக்கட்டூ அபிஸ்டோ (அபிஸ்டோகிராமாவில் ஒரு வகை) உங்கள் தொட்டிக்குப் பொருந்தும். நீல ராமிரெசிதான் வேண்டுமென்றால் கூட இருக்கும் மீன்களை மாற்ற வேண்டும். போர்த் தண்ணீரை அப்படியே வைத்துக்கொள்வதானால் தென்னமெரிக்க மீன்களை மறந்துவிட்டு நம் நாட்டுச் சிக்லிட்டான பல்லத்தியைத் தனித் தொட்டியில் வளர்ப்பது நல்லது. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நீல ராமிரெசி வெனிசுலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ ஆற்றுச் சமவெளியைச் சேர்ந்தது. அங்கே தண்ணீரில் கரைந்த உப்பு மிகமிகக் குறைவு, பிஎச் ஏழுக்குக் கீழ், வெப்பம் 27 முதல் 30 டிகிரி. பண்ணையில் பிறந்த தலைமுறைகள் கடினத்தை ஓரளவு பழகிக்கொள்கின்றன என்பது சரிதான். ஆனால் 780 டிடிஎஸ்ஸில் அவை உயிரோடு இருப்பது வேறு, நிறம் ஏறி முட்டையிட்டுப் பொரிப்பது வேறு. கடினத் தண்ணீரில் முட்டை பொரிப்பது வெகுவாகக் குறையும். அதைவிட முக்கியமான ஆபத்து அம்மோனியா. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் நச்சாக இருக்கும் பங்கு பிஎச் ஏறினால் ஏறும், வெப்பம் ஏறினாலும் ஏறும். 28 டிகிரியில் பிஎச் 6.8 உள்ள தண்ணீரோடு ஒப்பிட்டால் உங்கள் 7.8இல் அந்த நச்சுப் பங்கு சுமார் பத்து மடங்கு. சோதனைக் குப்பியில் ஒரே நிறம் காட்டினாலும் உங்கள் தொட்டியில் அது கொல்லும், மென்தண்ணீர்த் தொட்டியில் கொல்லாமல் போகலாம். பில்டர் பழுக்காத (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா இன்னும் வளராத) தொட்டியில் ராமிரெசி இரண்டாம் வாரத்தில் போய்விடுவதற்கு இதுவே பெரிய காரணம்.

இன்னொன்று. போரிலிருந்து எடுத்த உடனே பிஎச் பார்க்காதீர்கள். நிலத்தடி நீரில் கரியமில வாயு கரைந்திருப்பதால் முதலில் குறைவாகக் காட்டும். ஒரு நாள் முழுக்கக் காற்று விட்ட பிறகு பார்த்தால் அரைப் புள்ளி கூடக் கூடியிருக்கும். உங்கள் 7.8 எப்போது எடுத்தது என்று எழுதவில்லை. உடனே எடுத்ததென்றால் உண்மையான அளவு எட்டைத் தாண்டலாம்.

பிஎச் குறைக்கும் பொடி, சொட்டு மருந்துகளை வாங்க வேண்டாம். உங்கள் தண்ணீரில் கார்பனேட் நிறைய இருக்கும். பொடி போட்டதும் பிஎச் இறங்கும், மறுநாள் பழைய இடத்துக்கே வரும். இந்த ஏற்ற இறக்கம் மீனுக்கு 7.8இல் நிலையாக இருப்பதைவிடக் கெடுதல். பாதாம் இலையும் அப்படித்தான். தெருவோர நாட்டுப் பாதாம் மரத்தடியில் உதிர்ந்து காய்ந்த இலையைக் கழுவி 50 லிட்டருக்கு ஒன்று என்று போடுவது நல்ல பழக்கம். தேநீர் நிறம் வரும், மீன் அச்சம் குறையும், பூஞ்சையும் ஓரளவு மட்டுப்படும். ஆனால் கார்பனேட் நிறைந்த தண்ணீரில் அது பிஎச்சை அசைக்காது. வீட்டில் உப்புப் போட்டு ஓட்டும் வாட்டர் சாஃப்ட்னர் இருந்தால் அந்தத் தண்ணீரையும் தொட்டிக்கு எடுக்காதீர்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைப் போடுகிறது. சோப்பு நுரைக்கும், டிடிஎஸ் குறையாது.

உண்மையில் வேலை செய்வது கலப்பதுதான். சமையலறை ஆர்ஓ இயந்திரத்தின் தண்ணீர், இல்லையென்றால் மழைநீர். ஆர்ஓ தண்ணீர் 30 டிடிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு போர், இரண்டு பங்கு ஆர்ஓ கலந்தால் 280 வரும். காக்கட்டூ அபிஸ்டோவுக்கும் பொலிவியன் ராமுக்கும் இது போதும். ஒரு பங்குக்கு ஆறு பங்கு கலந்தால் சுமார் 137. நீல ராமிரெசிக்கு இது ஏற்றது. பல வீட்டு இயந்திரங்களில் ருசிக்காக டிடிஎஸ் கூட்டும் திருகு இருக்கிறது. அது திறந்திருந்தால் குழாயில் 100க்கு மேல் வரும், கணக்கு மாறும். ஆகவே டிடிஎஸ் மீட்டரை முதலில் அங்கே நனையுங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றித் தொட்டியை நிரப்பவும் கூடாது. கார்பனேட் கொஞ்சமும் இல்லாவிட்டால் பிஎச் திடீரென்று சரியும்; ஆறுக்குக் கீழே போனால் பில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவின் வேகமும் தணிந்துவிடும். அந்த ஒரு பங்கு போர்த் தண்ணீர் உங்களுக்குக் காவல்.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை உங்கள் பக்கம் மேற்கே பெய்யும் அளவுக்குப் பெய்யாது என்றாலும் ஒரு டிரம் பிடிப்பதற்குக் குறைவில்லை. முதல் சில மழையில் கூரை கழுவிப் போகட்டும், அதன் பிறகு பிடியுங்கள். ஓட்டுக் கூரை, கான்கிரீட் தளம் சரி; துத்தநாகத் தகட்டிலிருந்து வரும் தண்ணீர் வேண்டாம். டிரம்மை மூடி வையுங்கள், இல்லையென்றால் கொசு பெருகும். ஒற்றப்பாலம், பட்டாம்பி பக்கம் செம்புரைக்கல் நிலத்துத் திறந்த கிணறுகளில் இயல்பாகவே மென்மையான, சற்றே புளித்தன்மையுள்ள தண்ணீர் கிடைக்கிறது. அங்கே ராமிரெசி வளர்ப்பவர் சொல்லும் அனுபவத்தை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் அதுதான். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கும் இதுவே பொருந்தும். அங்கே குளோரினை மட்டும் போக்கினால் போதும்.

தண்ணீர் மாற்றும் அளவு வாரம் ஒருமுறை 20 முதல் 25 சதவீதம். உங்கள் தொட்டியில் மணலும் கட்டையும் போக 110 லிட்டர் தண்ணீர் இருக்கும்; அதனால் வாரம் 25 லிட்டர் கலவை போதும். இப்போதுள்ள மீன்களுக்காக ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை 15 லிட்டர் என்று மூன்று, நான்கு வாரத்தில் இறக்குங்கள். இறங்கும் வேகம் மீட்டர் காட்டும். கோடையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் நாட்களில் தொட்டித் தண்ணீர் விறுவிறுவென்று வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே நிற்கும். அந்தக் குறையைப் போர்த் தண்ணீரால் நிரப்பினால் இரண்டே மாதத்தில் பழைய டிடிஎஸ்ஸுக்குப் போய்விடுவீர்கள். வற்றியதை நிரப்ப வெறும் ஆர்ஓ, மாற்றியதை நிரப்பக் கலவை. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது வெப்பம். இங்கேதான் கடைக்காரரின் "எல்லாம் ஒன்றாக இருக்கும்" என்ற பேச்சு உடைகிறது. நீல ராமிரெசிக்கு 28 டிகிரி வேண்டும். 25க்குக் கீழே போனால் சோர்ந்து நோயில் விழும். நியான் டெட்ராவும் வெண்கலக் கோரியும் 22 முதல் 26க்குள் இருக்க விரும்புபவை. 28இல் அவை உடனே சாகாது; வேகமாக மூப்படையும், எளிதில் நோய்ப்படும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் ஏதாவது ஒன்று ஆண்டு முழுவதும் தவிக்கும். நீல ராமிரெசிக்கு ஏற்ற துணை கார்டினல் டெட்ரா, ரம்மிநோஸ் டெட்ரா, கீழே ஸ்டெர்பை கோரி. இவை வெப்பத்தைத் தாங்கும். பொலிவியன் ராம் 24 முதல் 27க்குள் நன்றாக இருக்கும், ஆகவே உங்கள் நியானோடும் கோரியோடும் இயல்பாகச் சேரும். நிறம் ராமிரெசி அளவுக்குக் கண்ணைப் பறிக்காது. சாம்பல் கலந்த உடல், வாலோரம் செவ்விளிம்பு, விலாவில் ஒரு கரும்புள்ளி. ஆனால் குணத்திலும் உடல் வலுவிலும் அதுவே மேல். கேட்டு வைத்தால்தான் கடைக்கு வரும் என்பது ஒன்றே குறை. காத்திருப்பதில் நட்டமில்லை.

மார்கழி, தை இரவுகளில் உங்கள் பக்கம் தொட்டி 23, 24 வரை இறங்கும். ராமிரெசி என்றால் 100 வாட் ஹீட்டர் கட்டாயம். பங்குனி, சித்திரையில் தொட்டி 32ஐத் தொடும். ஒரு சிறிய மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் குறுக்கே வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். காற்று வறண்டிருப்பதால் உங்கள் ஊரில் இது நன்றாகவே வேலை செய்யும். ஐஸ் கட்டி போடாதீர்கள். வெப்பம் ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் மின்வெட்டு நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் ஒரு சிறிய காற்று மோட்டார் கையில் இருக்கட்டும்.

இனித் தரை. குட்டி சிக்லிட்டுகளுக்குத் தொட்டியின் லிட்டர் கணக்கு இரண்டாம்பட்சம். அவை பிடிப்பது தரையை. உங்கள் தொட்டியின் தரை 90 சென்டிமீட்டருக்கு 38 சென்டிமீட்டர். முட்டையிடும் ஒரு ஜோடி ராம் தன்னைச் சுற்றி 25, 30 சென்டிமீட்டருக்கு யாரையும் விடாது. ஒரு அபிஸ்டோ பெண் தன் குகையைச் சுற்றி ஏறக்குறைய அதே அளவு பிடிக்கும். ஆண் மொத்தத் தொட்டியையும் தனதென்று நினைக்கும். கிரிபென்சிஸ் ஆண் 10 சென்டிமீட்டர் வரை வளரும். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியா, கேமரூன் நதிகளைச் சேர்ந்தது. கடினத் தண்ணீரை நன்றாகத் தாங்கும். மூன்றில் உங்கள் போர்த் தண்ணீருக்குப் பொருந்துவது அதுதான். ஆனால் குஞ்சு வந்ததும் அந்த ஜோடி மூன்றடித் தொட்டியில் இரண்டடியை எடுத்துக்கொள்ளும், மற்ற எல்லா மீனும் ஒரு மூலையில் மேலே தொங்கும். மூன்று இனத்தையும் விட்டால் மூன்று குடும்பம் ஒரே வீட்டின் ஒரே அறையில் சமையல் வைத்தது போலாகும்.

தரையை அமைக்கும் முறை இது. மணல் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் பருமனில் உருண்டையாக இருக்க வேண்டும். ராம்கள் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே விட்டுத் தீனி தேடுபவை. கடையில் விற்கும் வண்ணக் கற்களில் அதைச் செய்ய முடியாது. எம்-சாண்ட் முனைகள் கூராக இருக்கும், கோரியின் மீசை தேய்ந்து புண்ணாகும். கடல் மணலில் கிளிஞ்சல் தூள் இருப்பதால் தண்ணீர் மேலும் கடினமாகும். கல் போடுவதானால் கருங்கல் நல்லது. வாளையார், மதுக்கரைப் பக்கம் பொறுக்கியது சுண்ணாம்புக்கல்லாக இருக்கலாம். கல்லைச் சுரண்டி அந்தப் பொடி மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். குமிழி கிளம்பினால் தொட்டிக்கு ஆகாது.

அபிஸ்டோவுக்குச் சிரட்டையைவிடச் சிறந்த குகை கடையில் இல்லை. தேங்காய் ஒட்டியிருப்பதைச் சுத்தமாகச் சுரண்டி, தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறை கொதிக்கவைத்து, விளிம்பில் பெண் மட்டும் நுழையும் அளவுக்கு இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் வாசல் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். பெண்களின் எண்ணிக்கையைவிட ஒரு சிரட்டை கூடுதலாக இருக்கட்டும். வாசல்கள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. நடுவில் ஒரு மரக்கட்டை, அதில் கட்டிய ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் செடிகள். ஒரு கோடியில் இருக்கும் மீனுக்கு மறுகோடியில் இருக்கும் மீன் கண்ணில் படாதபடி மறைப்பு வேண்டும். கண்ணில் படாததைச் சிக்லிட் துரத்தாது. ராம்களுக்குக் குகை வேண்டாம், உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான ஒரு கல் போதும். மேலே மிதக்கும் செடி கொஞ்சம். ஆகாயத்தாமரையைக் குளத்திலிருந்து எடுத்தால் தட்டான் பூச்சியின் இளம்புழு கூடவே வரும், அது குஞ்சு மீனைத் தின்னும். தனி வாளியில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்து விடுங்கள். பில்டர் இழுப்பு மென்மையாக இருக்கட்டும். இரண்டு ஸ்பாஞ்ச் பில்டர் இரு மூலையில் இருந்தால் இத்தொட்டிக்குப் போதுமானது.

சண்டை எப்போது, எப்படி வருகிறது என்பதை நேரில் பார்த்தால் குழப்பம் இருக்காது. காக்கட்டூ அபிஸ்டோ பெண் சாதாரண நாட்களில் மங்கலான சாம்பல் நிறம், நாலைந்து சென்டிமீட்டர், யார் கண்ணிலும் படாது. ஒரு நாள் காலையில் அவள் மாம்பழ மஞ்சளாகியிருப்பாள். கண்ணிலிருந்து தாடைக்கு ஒரு கருங்கோடு, வயிற்றுத் துடுப்பின் முன்விளிம்பு கறுப்பு. சிரட்டை வாசலில் மணல் குவித்து வழியைக் குறுக்கியிருப்பாள். உள்ளே கூரையில் சிவந்த முட்டைகள் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். அன்று முதல் தன்னைப் போல் இருமடங்கு பெரிய ஆணையும் அவள் விரட்டுவாள். மூன்றடித் தொட்டியில் ஆண் ஒதுங்க இடம் உண்டு. இரண்டடித் தொட்டியில் அவன் ஒதுங்க இடமின்றிச் சாவதும் உண்டு. ஒரு ஆணுக்கு இரண்டு பெண் என்பது உங்கள் தொட்டிக்கு உச்சம். இரண்டு ஆண் கூடவே கூடாது. இன்னொரு விவரம்: அபிஸ்டோ முட்டைகள் வெப்பம் மிகுந்த தண்ணீரில் வளர்ந்தால் குஞ்சுகளில் ஆண்கள் பெருகும். கோடைக் குஞ்சுகளில் பெண்ணே இல்லையே என்று பிறகு தேட வேண்டாம்.

ராம் ஜோடி வேறு விதம். இருவருமாகக் கல்லைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும்; பெண் வரிசையாக முட்டை ஒட்டிக்கொண்டு போக, ஆண் பின்னால் வரும். 28 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் பொரியும்; மணலில் தோண்டிய சிறு குழிக்குக் குஞ்சுகளை வாயில் தூக்கி மாற்றும்; நாலைந்து நாளில் நீந்தத் தொடங்கும். முதல் ஒன்றிரண்டு முறை தின்றுவிடுவது சகஜம். பொதுத் தொட்டியில் டெட்ராக்கள் குஞ்சுகளை விட்டுவைக்காது. குஞ்சு வளர்ப்பதுதான் நோக்கமென்றால் அது தனித் தொட்டிக்கான வேலை.

எதைக் கண்டு கவலைப்பட வேண்டும், எதைக் கண்டு வேண்டாம் என்பதில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். துடுப்பை விரித்துப் பக்கவாட்டில் நின்று காட்டுவது, வாலால் தண்ணீரைத் தள்ளுவது, ஒரு அடி துரத்திவிட்டுத் திரும்புவது எல்லாம் பேச்சுவார்த்தை. ஒரு மீன் மேல் மூலையில், ஹீட்டருக்குப் பின்னால், துடுப்பை ஒட்டிக்கொண்டு நிறம் வெளுத்து நின்றால், தீனிக்கும் வராமலிருந்தால் அன்றே பிரித்துவிடுங்கள். நாளை வரை பொறுக்காதீர்கள். குகையை எடுத்துவிடுவது, கட்டையை இடம் மாற்றுவது எல்லை நினைவைக் கலைக்கும். அது ஓரிரு நாள் அவகாசம் தரும், தீர்வு ஆகாது.

கோரிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டில் அதிகம் அடிபடுவது அவைதான். டெட்ரா ஒரு முறைத்தலில் விலகிவிடும். கோரிக்கு அந்த மிரட்டல் புரிவதில்லை. முட்டைக் காவலுக்குள் மோந்துகொண்டே நுழையும், கண்ணில் கொத்து வாங்கும், மறுபடி நுழையும். இரவில் சிக்லிட் பார்க்க முடியாதபோது முட்டையைத் தின்றும்விடும். ஆறு கோரியும் ஒரு சிக்லிட் குடும்பமும் இருக்கலாம், ஆனால் கோரிக்கான அமிழும் தீனியைக் குகைக்கு எதிர்க்கோடியில், விளக்கணைத்த பிறகு போடுங்கள். முட்டைக் காலத்தில் கோரி கண்களைத் தினம் கவனியுங்கள்.

கப்பிகளை வெளியே எடுங்கள். அவை கடினத் தண்ணீர் மீன்கள், நீங்கள் மென்மையாக்கப் போகிறீர்கள். பெரிய வால் வேறு அபிஸ்டோவைச் சீண்டும். நடுத்தண்ணீரில் நியான் கூட்டம் இருப்பது சிக்லிட்டுக்கு நல்லது. மேலே சின்ன மீன்கள் அமைதியாகத் திரிந்தால் ஆபத்தில்லை என்று அவை வெளியே வரும்; தனியாக விட்டால் ஒளிந்தே கிடக்கும். டைகர் பார்ப், செர்பே டெட்ரா துடுப்பைக் கடிப்பவை, வேண்டாம். கடையில் மிஸ் கேரளாவைக் காட்டுவார்கள். நம் மேற்குமலை ஆறுகளின் அழகுதான், ஆனால் ஓடும் தண்ணீரில் கூட்டமாக நீந்தும் மீன், நான்கடிக்குக் குறைந்த தொட்டியில் விடக்கூடாது. பாசி தின்னும் என்று தரும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். அதை வாங்கவும் வேண்டாம், வளர்ந்த பிறகு குளத்திலோ வாய்க்காலிலோ விடவும் வேண்டாம். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நீர்நிலைகளில் அது பெருகி நாட்டு மீன்களுக்குக் கேடாகியிருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. கடையில் உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள்; பாய்ந்து வராத ராமை வாங்காதீர்கள். வயிறு ஒட்டியிருக்கக் கூடாது, இரண்டு செவுளும் ஒரே சீராக அசைய வேண்டும், கழிவு கருமையாக இருக்க வேண்டும். வெள்ளை நூல் போலத் தொங்கினால் குடலில் ஒட்டுண்ணி என்று சந்தேகிக்கலாம். இளம் மீனே கண்ணைக் கூசும் நிறத்தில் மின்னினால் விலகுங்கள். விற்பனைக்காக ஹார்மோன் கொடுத்து நிறமேற்றும் பழக்கம் உண்டு. அவை சில வாரத்தில் வெளிறும், முட்டையும் சரியாக வராது. பலூன் ராம் எனப்படும் குட்டை உடல் வகைக்கு முதுகெலும்பே கோணல். அதை வாங்காமல் இருப்பதே அந்த மீனுக்குச் செய்யும் உதவி. ராமிரெசி பெண்ணுக்கு வயிறு இளஞ்சிவப்பு, விலாக் கரும்புள்ளிக்குள் நீலச் செதில்கள். ஆணுக்கு முதுகுத் துடுப்பின் முன்முட்கள் நீளம். இது இயல்பான நிற வகைக்குச் சரி. எலக்ட்ரிக் ப்ளூ வகையில் இந்த அடையாளங்கள் மறைந்துவிடும். கடைக்காரர் ஜோடி என்று தருவது ஜோடியாக இருக்குமென்ற உறுதி இல்லை. நாலைந்து இளம் மீன் வாங்கித் தானாகச் சேரும் ஜோடியை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரப் பேசிக்கொள்வது நல்லது.

வந்ததும் நேரே தொட்டியில் விடாமல் 40 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில், உங்கள் தொட்டியில் ஏற்கெனவே ஓடிப் பழுத்த ஸ்பாஞ்ச் பில்டரோடு, மூன்று நான்கு வாரம் வையுங்கள். கடைத் தண்ணீருக்கும் உங்கள் தண்ணீருக்கும் டிடிஎஸ் வேறுபாடு அதிகமென்றால் காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்குங்கள். வெள்ளை நூல் கழிவும் மெலிவும் சேர்ந்து இருந்தால் மெட்ரோனிடசோல் 200 மில்லிகிராமை 30 லிட்டருக்கு என்ற அளவில், ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை, ஒவ்வொரு முறைக்கும் முன் கால்பங்கு தண்ணீர் மாற்றி. வாலடியில் கழிவுத் துளையிலிருந்து சிவப்பு முட்கள் போல நீட்டிக்கொண்டிருந்தால் அது வேறு, காமலானஸ் புழு. அதற்கு லெவமிசோல் லிட்டருக்கு 2 மில்லிகிராம், இருட்டில் 24 மணி நேரம், பிறகு அடியில் விழுந்த புழுக்களை உறிஞ்சி எடுத்து பெரும்பகுதித் தண்ணீரை மாற்றி, மூன்று வாரம் கழித்து மறுபடி. ஒரு மருந்து இன்னொன்றுக்கு உதவாது. ஆகவே நோய் எதுவென்று தெரியாமல் மருந்து போடாதீர்கள்.

தீனியில் நுணுக்கம் ஒன்றுதான்: இவற்றின் வாய் சிறியது, குனிந்து தின்பவை. மிதக்கும் தூள் தீனியை டெட்ரா முடித்துவிடும். அமிழும் சிறு பெல்லட், உறைந்த ரத்தப்புழு, ஆர்ட்டீமியா. சாக்கடையில் எடுத்த ட்யூபிபெக்ஸ் புழு நோயை வீட்டுக்கே அழைத்து வருவது.

இத்தனை மாற்றமும் வேண்டாம், போர்த் தண்ணீரே போதும் என்றால் பல்லத்தியைப் பாருங்கள். இந்தியாவில் இயல்பாக வாழும் சிக்லிட் மூன்றே மூன்று: கரிமீன், கனராக் கரிமீன், பல்லத்தி. கரிமீன் 2010 முதல் கேரளத்தின் மாநில மீன். பல்லத்தி எட்டு சென்டிமீட்டருக்குள் நிற்கும் சிறியது, ஆரஞ்சு நிறத்தில் செம்புள்ளிகள். காயலிலும் ஆற்றிலும் வாழ்வதால் கடினமும் சற்று உப்பும் அதற்கு ஒத்துவரும். மென்தண்ணீரில்தான் பூஞ்சை பிடிக்கும். ஆறு இளம் மீன்களை மோலிகளோடு மூன்றடித் தொட்டியில் விட்டால் ஜோடி சேரும், பெற்றோர் இருவரின் உடல்மேல் ஊறும் கோழையைக் குஞ்சுகள் கொத்தித் தின்பதைப் பார்க்கலாம். நியானையும் கோரியையும் அதனோடு சேர்க்காதீர்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது தண்ணீர், வெப்பம், தரை இந்த மூன்றைத்தான். ஒரு தனி மீனின் குணத்தை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. சாதுவான கிரிபென்சிஸும் உண்டு, டெட்ராவைக் கொல்லும் பொலிவியன் ராமும் உண்டு. அதனால் பிரித்து வைக்க அந்த டப் எப்போதும் தயாராக இருக்கட்டும். உங்கள் போரில் டிடிஎஸ் 780இல் கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்பதும் மீட்டரிலிருந்து தெரியாது. ஒரு ஜிஎச் (மொத்தக் கடினம்), கேஎச் (கார்பனேட் அளவு) சோதனைக் குப்பி வாங்கிப் பாருங்கள். அந்த இரண்டு எண்ணையும், ஒருநாள் காற்று விட்ட பிறகு எடுத்த பிஎச்சையும், ஆர்ஓ குழாயில் வரும் டிடிஎஸ்ஸையும் இங்கே எழுதினால் கலவைப் பங்கைச் சரியாகக் கணக்கிட்டுச் சொல்கிறேன். அதுவரை மீன் வாங்க வேண்டாம்.